விதவையின் நாக்கு

ஒரு படம், ஒரு புத்தகம், ஓர் இசைத்தொகுப்பு, ஒரு புட்டி. கடந்த இரண்டு மாதங்களில் நான் ரசித்தவை இந்த நான்கும். நான்கும் ஒரே பெண்ணைச் சுற்றியவை. ஒன்று என்னை இன்னொன்றிடம் இழுத்துக்கொண்டு போனது. படம், தாமஸ் நேப்பர் இயக்கத்தில் 2023இல் வந்த ‘விடோ கிளிக்கோ’. அதற்கு மூலம், டிலார் மாஸியோ 2008இல் எழுதிய வாழ்க்கை வரலாறு. இசை, அந்தப் படத்துக்கு பிரைஸ் டெஸ்னர் அமைத்தது. புட்டி, அந்தப் பெண்ணின் பெயரோடு இருநூறு ஆண்டுகளாக விற்கப்படும் ஷாம்பெய்ன்.

அந்தப் புட்டியின் மீது ‘வெவ் கிளிக்கோ போன்சார்தான்’ என்று எழுதியிருக்கும். பிரெஞ்சில் ‘வெவ்’ என்றால் விதவை. இந்தச் சொல்லும் நாம் வடமொழியிலிருந்து எடுத்துக்கொண்ட ‘விதவை’யும் ஒரே வேரில் பிறந்த ஒன்றுவிட்ட சகோதரிகள். ஆங்கிலத்தின் ‘விடோ’வும் அதே குடும்பம்தான். ‘விதவை’ என்ற சொல்லில்கூடப் பொட்டு இல்லை, ‘கைம்பெண்’ என்று எழுதினால் இரண்டு பொட்டு வரும் என்று நம் மேடைகளில் சொல்வார்களே, அந்தச் சொல்லைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, அதைக் கொண்டாட்டத்தின் அடையாளமாக உலகம் முழுக்க விற்கிறார்கள். நம் ஊரில் சுபகாரியத்துக்குப் புறப்படும்போது எதிரே வரக் கூடாதவள், அங்கே கல்யாண மேசையின் நடுவில் நிற்கிறாள். போதாததற்கு லேபிளின் நிறம் மஞ்சள். (அந்த நிறத்தை நிறுவனம் 1877இல் பதிவுசெய்தது. அவர் 1866இலேயே இறந்துவிட்டார்.)

பார்ப்-நிக்கோல் போன்சார்தான் 1777இல் ரான்ஸ் நகரத்தில் ஒரு பணக்காரத் துணி வியாபாரியின் மகளாகப் பிறந்தார். 1798இல் பிரான்சுவா கிளிக்கோவை மணந்தார். 1805 அக்டோபரில் கணவர் இறந்தபோது அவருக்கு வயது 27. கையில் ஆறு வயது மகள். மாமனார் பிலிப் கிளிக்கோ வியாபாரத்தை மூடிவிட நினைத்தார். மருமகள் வேண்டாம் என்றார், நானே நடத்துகிறேன் என்றார். மாமனார் முதல் போட்டார். ஆனால் அனுபவமுள்ள ஒரு கூட்டாளியோடு சேர்ந்து தொழில் பழக வேண்டும் என்று நிபந்தனை வைத்தார். 1810இல் கூட்டு முடிந்தது. அதன்பிறகு நிறுவனத்தின் பெயரில் ‘விதவை’ ஏறியது.

ஏன் அந்தச் சொல்? அனுதாபத்துக்காக அல்ல. 1804இல் நெப்போலியன் கொண்டுவந்த சிவில் சட்டம், மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று எழுத்திலேயே சொன்னது. கணவன் சம்மதமில்லாமல் அவள் ஒப்பந்தம் போட முடியாது, சொத்தை விற்க முடியாது. மணமாகாத வயதுவந்த பெண்ணுக்குச் சட்டம் இடம் கொடுத்தது என்றாலும், அவளை நம்பி முதல் போட யார் வருவார்கள்? மிஞ்சியது விதவை ஒருத்திதான். சொந்தக் கையெழுத்து உண்டு, குடும்பத்தின் பெயரும் உண்டு, மேலே ஆள் இல்லை. ஆக லேபிளில் இருக்கும் அந்த ஒற்றைச் சொல் ஒரு வியாபார அறிவிப்பு: என்னோடு நேரடியாகப் பேரம் பேசலாம், வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்ல மாட்டேன். அவர் கடைசிவரை மறுமணம் செய்துகொள்ளவில்லை. செய்திருந்தால் அந்தக் கையெழுத்தின் அதிகாரம் போயிருக்கும்.

இவ்வளவையும் கையில் வைத்துக்கொண்டு படம் என்ன செய்கிறது என்று பார்த்தால், காதல் கதை எடுத்திருக்கிறது. ஹேலி பென்னட் நன்றாக நடித்திருக்கிறார். குறிப்பாகப் பேசாமல் இருக்கும் இடங்களில். படம் கல்யாண வாழ்க்கைக்கும் விதவை வாழ்க்கைக்குமாக முன்னும் பின்னும் போகிறது. கணவன் மென்மையானவன், கொஞ்சம் பித்துப் பிடித்தவன், திராட்சைக் கொடிகளுக்குப் பாட்டுப் பாடுகிறவன். அவன் போன பிறகு அவள் செய்வதெல்லாம் அவன் விட்டுப்போன கனவை முடிப்பதாகவே படம் நமக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. எனக்கு இதுதான் உறுத்தியது. ஒரு பெண் அறுபது ஆண்டுகள் விதவையாக வாழ்ந்து, ஒரு தொழிலையே மாற்றிப் போட்டிருக்கிறாள்; அவளுக்குச் சொந்தமாக ஒரு லட்சியம், ஒரு பேராசை, ஒரு வீம்பு இருக்கக் கூடாதா? கணவனின் நினைவு என்ற முந்தானையைப் போர்த்திவிட்டுத்தான் அவளைத் தொழிற்சாலைக்குள் அனுப்ப முடியுமா? நம் சினிமாவில் வரும் வெள்ளைச் சேலை அம்மாக்கள் சுவரில் மாட்டிய படத்தைப் பார்த்துப் பேசிவிட்டு வேலைக்குப் போவார்கள். இங்கே சேலைக்குப் பதில் கறுப்பு கவுன், சுவருக்குப் பதில் திராட்சைத் தோட்டம்.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். படம் அழகானது. நிலவறைகளின் ஈரமும் மெழுகுவத்தி வெளிச்சமும் மனதில் நிற்கின்றன. நெப்போலியன் சட்டம் என்ற ஒன்று பெண்களின் கழுத்தில் இருந்தது என்பதை ஒன்றரை மணி நேரத்துக்குள் சாதாரணப் பார்வையாளருக்குப் புரியவைக்கிறது. டெஸ்னரின் இசை படத்தைவிட ஒரு படி மேல். அவர் ராக் இசைக்குழுவில் கிடார் வாசிப்பவர், கச்சேரி மேடைக்கும் எழுதுபவர். ஒரே சிறு சொற்றொடர் திரும்பத் திரும்ப, ஒவ்வொரு தடவையும் சற்றே நகர்ந்து வருவது அவர் பாணி. படத்தைப் பார்த்து முடித்த சில நாள் கழித்து இரவில் அதைத் தனியாகக் கேட்டேன். காதல் காட்சிகள் கண்முன் வரவில்லை. ஒரே வேலையை நாள் தவறாமல் செய்யும் ஒருத்திதான் வந்தாள். படம் காட்டத் தவறியதை இசை பிடித்துவிட்டது என்று தோன்றியது. என் காதின் விருப்பமாகவும் இருக்கலாம்.

அந்த அன்றாட வேலை என்னவென்று புத்தகம் சொல்கிறது. ஷாம்பெய்னில் நுரை வருவது புட்டிக்குள் இரண்டாவது முறை நடக்கும் நொதித்தலால். அந்த நொதித்தல் முடிந்ததும் செத்த ஈஸ்ட் அடியில் வண்டலாகத் தங்கும். கலக்கிவிட்டால் மது சேறுபோல மங்கும். வேறு புட்டிக்கு ஊற்றினால் நுரை போய்விடும். பார்ப்-நிக்கோலும் அவருடைய நிலவறைத் தலைவர் அந்துவான் முல்லரும் சேர்ந்து 1816 வாக்கில் இதற்கு வழி கண்டார்கள். பலகையில் சாய்வாகத் துளைகள் போட்டு, புட்டியைத் தலைகீழாகச் செருகி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே வந்தால் வண்டல் முழுக்கக் கழுத்தில் வந்து அடையும். மூடியைத் திறந்தால் அழுத்தத்தில் அது மட்டும் வெளியே பாயும். மது கண்ணாடிபோல் நிற்கும். முதல் பலகை அவர் வீட்டுச் சமையலறை மேசைதான் என்று ஒரு கதை உண்டு. அது உண்மையோ இல்லையோ, ரசம் தெளிய வைக்கத் தெரிந்த எந்தப் பெண்ணுக்கும் அந்தக் கதை நம்பும்படியாக இருக்கும்.

மாஸியோவின் புத்தகத்தில் ஒரு குறை உண்டு என்று சில விமர்சகர்கள் எழுதினார்கள்: ‘இருந்திருக்கலாம்’, ‘நினைத்திருக்கக்கூடும்’ என்று பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. வருகிறதுதான். பார்ப்-நிக்கோலின் வியாபாரக் கடிதங்களும் கணக்குப் புத்தகங்களும் நிறையக் கிடைக்கின்றன. மனதைத் திறந்து எழுதிய தனிக் கடிதங்கள் மிகக் குறைவு. நாட்குறிப்பு கிடையாது. அதனால் ஆசிரியர் ஊகிக்க வேண்டியிருக்கிறது. எனக்கு இது குறையாகப் படவில்லை. பெண்களின் வரலாறு எழுத உட்காருகிறவர்கள் எல்லோருக்கும் இந்தப் பள்ளம் காத்திருக்கிறது. அதன் மேல் ஓலை போட்டு மூடாமல், ‘இங்கே பள்ளம்’ என்று பலகை நட்டுவிட்டுப் போகிறவரை நான் நம்புவேன். படமோ அதே பள்ளத்தைக் காதலால் நிரப்பிவிட்டது. என்னைக் கேட்டால், மனதைப் பற்றிய ஊகங்களைவிட அந்தக் கணக்குகள்தான் இன்னும் சுவையாக இருக்கின்றன. 1814இல், போர் முழுதாக ஓயும் முன்பே, போட்டியாளர்களுக்குத் தெரியாமல் 10,550 புட்டிகளைக் கப்பலேற்றி ரஷ்யச் சந்தையைக் குறிவைத்து கோனிக்ஸ்பெர்க் துறைமுகத்துக்கு அனுப்பியது ஒரு சூதாட்டம். அந்தச் சரக்கு மூழ்கியிருந்தால் இன்று அவர் பெயர் யாருக்கும் தெரிந்திருக்காது. அனுப்பிவிட்டு அவர் தூங்கியிருப்பாரா என்பது கணக்கில் இல்லை. எத்தனை புட்டி, எந்தத் துறைமுகம் என்பது இருக்கிறது.

இனி நாக்குக்கு வருகிறேன். ஷாம்பெய்ன் பல தோட்டங்களின், சில சமயம் பல ஆண்டுகளின் மதுவைக் கலந்து உருவாவது. எதில் எவ்வளவு என்று தீர்மானிப்பது நாக்கும் மூக்கும். ஒரு விதவை தன் நாக்கை நம்பி, அதற்கு விலை வைத்து, அது சரி என்று உலகத்தை ஒப்புக்கொள்ள வைத்தார் என்பதுதான் இந்த வாழ்க்கையின் மையம் என்று எனக்குப் படுகிறது. படம் அதற்குக் கொடுக்கும் நேரம் போதவில்லை.

நம் பக்கத்தில் விதவைக்கு முதல் தண்டனை நாக்குக்குத்தான் விழுந்தது. புறநானூற்றின் 246ஆம் பாட்டு, பூதப்பாண்டியன் இறந்தபோது அவன் மனைவி பெருங்கோப்பெண்டு பாடியது. பலர் அதை உடன்கட்டை ஏறுதலின் பெருமையாகவே பாடம் நடத்துகிறார்கள். வகுப்பில் படிக்கும் மாணவிகள் அதில் வரும் சாப்பாட்டைக் கவனித்துப் பாருங்கள். நெய் இல்லாத, நீர் பிழிந்த பழைய சோறு, எள் துவையல், புளி சேர்த்து வெந்த வேளைக் கீரை. படுக்கப் பாய்கூட இல்லாத பருக்கைக் கல். அந்த வாழ்வைவிடத் தீ எனக்குக் குளம்தான் என்கிறாள் அரசி. அவள் நெருப்பைத் தேர்ந்தெடுத்த கதையாக மட்டும் அதைப் படித்தால், அந்தக் கீரையை விட்டுவிடுகிறோம். பிற்காலத்தில் பார்ப்பனக் குடும்பங்களிலும் அவர்களைப் பின்பற்றிய சாதிகளிலும் ஒருவேளைச் சோறு, வெங்காயம் கூடாது, பூண்டு கூடாது என்று பட்டியல் நீண்டது. கூட்டுக் குடும்பத்தில் அடுப்படியில் வெந்தவள் பல வீடுகளில் அந்த மொட்டைப் பாட்டிதான். ஊருக்கே ருசியாகப் போட்ட கைக்குத் தனக்கென்று ருசி இருக்கக் கூடாது. உழைக்கும் சாதிகளில் அறுத்துக் கட்டுவது வழக்கமாக இருந்தது, அங்கே இந்தக் கெடுபிடி இவ்வளவு இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். விதவையின் நாக்கைக் கட்டியது சாதியின் வேலை.

அதே புறநானூற்றில், பதினொரு பாட்டு முன்னால், ஔவை அதியமானுக்காக அழுகிறாள். கள் கொஞ்சமாக இருந்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறைய இருந்தால் நாங்கள் குடித்துப் பாட மிச்சத்தை அவன் மகிழ்ந்து குடிப்பான் என்று நினைவுகூர்கிறாள். புலவர்களில் ஒருத்தியாக ஒரு பெண் அவையில் உட்கார்ந்து குடித்திருக்கிறாள். அதை இரங்கற்பாட்டிலேயே பதிவும் செய்திருக்கிறாள். இந்த ஔவையைப் பாடப்புத்தகத்தில் கொன்றைவேந்தன் பாட்டியோடு கலந்து, கையில் கோல் கொடுத்து, நரைக்க வைத்துவிட்டோம்.

குடிப்பதைப் பற்றி ஒரு பெண்ணியத் தொகுப்பில் எழுதலாமா என்று இந்தக் கட்டுரையின் முதல் வரைவைப் படித்த தோழி ஒருத்தி கேட்டாள். சில்லறை மது விற்பனை 2003இல் அரசின் கைக்குப் போனபிறகு, டாஸ்மாக் கடை வாசலில் துடைப்பத்தோடு நின்றவர்கள் பெண்கள்தான். கூலியைக் குடித்துவிட்டு வந்தவனின் கையால் அடிவாங்கியவளுக்கு ‘மதுவின் நறுமணம்’ என்ற சொற்றொடரே வன்முறை. அவள் கோபத்தை ஒழுக்கவாதம் என்று ஒதுக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் அவள் போராட்டத்தைத் தூக்கிப் பிடிக்கும் ஆண்கள் சிலர் அதே மூச்சில் ‘பொம்பளை குடிச்சா குடும்பம் என்னாகும்’ என்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் நான் நிற்கிறேன். முதல் கேள்வி, குடி யாருடைய உடம்பில் அடியாக இறங்குகிறது என்பது. இரண்டாவது, யாருக்கு ருசி உண்டு என்பது. இரண்டையும் ஒரே முடிச்சாகக் கட்டினால் நட்டம் பெண்ணுக்கே.

ஆகவே குடித்தேன், அதைச் சொல்கிறேன். வெளிநாட்டிலிருந்து வந்த தோழி விமான நிலையக் கடையில் வாங்கி வந்த புட்டி. மூன்று பேர் பகிர்ந்துகொண்டோம். பொதுவாக வைன் பற்றி எழுதுகிறவர்கள் பிரியோஷ் ரொட்டி, அகேசியா பூ என்றெல்லாம் சொல்வார்கள். எனக்கு முதலில் வந்தது காலையில் இட்லி மாவுப் பாத்திரத்தைத் திறந்தால் எழும்பும் வாசம். அது சரியான ஊகம்தான். இரண்டு இடத்திலும் நொதித்தலின் வேலை. பிறகு பச்சை ஆப்பிள், எலுமிச்சைத் தோலைக் கீறினால் தெறிக்கும் கசப்பு. கருந்திராட்சையான பினோ நுவார் இதில் அதிகம் என்பதால் உடம்புள்ள மது, நீர்த்துப் போய்விடவில்லை. காரமான வறுத்த மீனோடு பிரமாதமாகப் பொருந்தியது. முறுக்கோடும் நன்றாக இருந்தது, அதைப் பிரெஞ்சுக்காரர்களிடம் சொல்ல வேண்டாம். இரண்டாவது கோப்பையில் குளிர்ச்சி குறைந்தபோது புளிப்பு சற்றுத் தூக்கலாகிவிட்டது. நல்ல மது, மயங்கிப்போகும் அளவுக்கு இல்லை.

ஆனால் நான் குடித்தது பார்ப்-நிக்கோலின் ருசியா? இல்லை. 2010இல் பால்டிக் கடலில் ஓலாந்து தீவுகளருகே, சுமார் 50 மீட்டர் ஆழத்தில் கிடந்த ஒரு கப்பலிலிருந்து 168 ஷாம்பெய்ன் புட்டிகளை எடுத்தார்கள். சிலவற்றில் கிளிக்கோ நிறுவனத்தின் முத்திரை இருந்தது. அவர் உயிரோடு இருந்த காலத்துச் சரக்கு. ஆராய்ந்தவர்கள் 2015இல் முடிவை வெளியிட்டார்கள். திறந்தவுடன் ஈர முடியும் பாலாடைக்கட்டியும் போல வாசம், காற்றுப் பட்டபிறகு புகை, தோல், மசாலா. லிட்டருக்குச் சுமார் 150 கிராம் சர்க்கரை! இன்று ‘ப்ரூட்’ என்று விற்பதில் 12 கிராமுக்குக் கீழே. அவர் செய்தது ஏறக்குறைய பாயசம். வாங்குகிறவருக்கு இனிப்புப் பிடித்தால் இனிப்பு. அவர் நாக்கு வியாபாரியின் நாக்கு. உலர்ந்த ருசியைப் பரவலாக்கியது இன்னொரு விதவை, லூயிஸ் பொம்மரி, 1874இல், இங்கிலாந்துச் சந்தைக்காக. அதற்குப் பின் லில்லி பொலாஞ்சே என்ற விதவையும் 1941 முதல் தன் நிறுவனத்தை நடத்தினார். அந்தச் சொல்லுக்கு அவ்வளவு மவுசு வந்துவிட்டதால், வீட்டில் தொழில் நடத்தும் விதவையே இல்லாதவர்களும் லேபிளில் ‘வெவ்’ சேர்த்துக்கொண்டார்கள். விதவை வேண்டும் என்று ஆண்கள் ஏங்கிய ஒரே தொழில் இதுவாகத்தான் இருக்கும்.

இவ்வளவு சொன்னபிறகு, படமும் விளம்பரமும் சொல்லாமல் நழுவும் ஒன்றையும் சொல்ல வேண்டும். பார்ப்-நிக்கோல் தான் நுழைந்த கதவை வேறு பெண்ணுக்குத் திறந்துவைக்கவில்லை. மகள் கிளெமென்தீனைத் தொழிலுக்குப் பழக்கவில்லை. 1817இல் ஒரு பிரபுவுக்குக் கட்டிக்கொடுத்தார். நிறுவனம் எதுவார் வெர்லே என்ற ஊழியரின் கைக்குப் போனது. வெர்லே திறமைசாலி என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் மகளுக்கு வரதட்சணை, ஊழியனுக்குத் தொழில் என்ற பங்கீட்டைப் புத்தகத்தில் படித்தபோது நம் ஊர் மில் முதலாளி வீடு ஒன்றுக்குள் நுழைந்தது போலிருந்தது. இன்று அதே நிறுவனம் உலகின் மிகப் பெரிய ஆடம்பரப் பொருள் குழுமமான எல்விஎம்ஹெச்சின் ஒரு கிளை. 1972 முதல் தொழிலில் சாதித்த பெண்களுக்கு விருதும் கொடுக்கிறார்கள். ‘துணிந்த பெண்’ நல்ல விற்பனைச் சொல்.

ஷாம்பெய்ன் வட்டாரத்தில் திராட்சையைக் கையால்தான் பறிக்க வேண்டும் என்பது விதி, இயந்திரம் கூடாது. 2023 அறுவடையின்போது வெயில் கொளுத்தியது, பறிக்கப் போனவர்களில் சிலர் இறந்தார்கள். அதே அறுவடைக்குக் கூட்டிவரப்பட்ட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் மேற்கு ஆப்பிரிக்கர், மனிதர் தங்க லாயக்கற்ற இடத்தில் அடைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. 2025இல் ஷாலோன் நீதிமன்றம் மூன்று பேரை ஆள்கடத்தல் குற்றவாளிகள் என்று தீர்த்தது. ஆள்பிடித்த நிறுவனத்தை நடத்தியவர் ஒரு பெண். நான் குடித்த புட்டிக்கும் இந்த வழக்குக்கும் தொடர்பு இல்லை. என்றாலும் 1814இன் அந்த 10,550 புட்டிகளுக்கான பழத்தைப் பறித்த கைகளைப் புத்தகத்தில் தேடினேன். கூலியாக வரும் இடங்களில் கடந்து போகிறார்கள். நிலவறையில் இருட்டில் புட்டி திருப்பியவர்களும் அப்படியே. இதில் மாஸியோ ‘இருந்திருக்கலாம்’ என்றுகூட அதிகம் முயலவில்லை. எனக்கு அந்தப் புத்தகத்தில் இருக்கும் உண்மையான வருத்தம் இதுதான்.

படத்தை ஒருமுறை பார்க்கலாம். இசையைத் தனியாகக் கேளுங்கள். புத்தகத்தைக் கல்லூரி நூலகத்தில் கேட்டு வரவழையுங்கள். எளிய ஆங்கிலம், ஒரு வாரத்தில் முடியும். உங்களில் யாராவது அதைத் தமிழுக்குக் கொண்டுவர உட்கார்ந்தால் ஒரு வேண்டுகோள். தலைப்பில் ‘திருமதி’ என்றோ ‘சீமாட்டி’ என்றோ போட்டு மெழுக வேண்டாம். அவர் தன் லேபிளில் போட்டுக்கொண்ட சொல்லையே போடுங்கள்.